ஜீனத் கலைக்க விடாத சமையல்கட்டு

ஜீனத்தின் சமையல்கட்டில் இருபத்திரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றின் மேலும் பெயர் எழுதியிருக்காது. துவரம்பருப்பு டப்பாவின் முகத்தில் நாலு துவரம்பருப்பு, கடுகு டப்பாவில் ஒரு சிட்டிகைக் கடுகு, பட்டை டப்பாவில் நகத்தளவு பட்டை. உள்ளே இருப்பதில் கொஞ்சம் எடுத்து வெளியே பசை போட்டு ஒட்டி, மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருப்பாள். கரண்டிகள் உயர வரிசையில் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் அந்தக் கரண்டியின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருப்பாள். எது எடுத்த இடத்துக்குத் திரும்பி வரவில்லை என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது எதையும் அவள் கம்பெனிக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். நடந்த அநியாயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

நாகரசம்பட்டியில் பிறந்தவள் ஜீனத். எட்டாம் வகுப்பு படிக்கும்போது மாம்பழ சீசனில் அம்மாவோடு மாங்கூழ் கம்பெனிக்குக் கொட்டை நீக்கப் போனாள். சீசன் முடிந்து பள்ளிக்குத் திரும்பினால் பாடம் எங்கேயோ போயிருந்தது. வாத்தியார் எழுந்து வாசிக்கச் சொன்னார். எழுந்தாள், வாசிக்கவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே நிற்க வைத்தார். மறுநாளிலிருந்து போகவில்லை. அன்றிலிருந்து எழுத்து அவளுக்கு ஓடாது, மெதுவாக நடக்கும். கண் மட்டும் ஓடும். ஒரு இடத்துக்குள் நுழைந்தால் எது எங்கே இருக்கிறது, யார் யாரைப் பார்த்து முகம் சுளித்தார்கள், எல்லாம் பார்த்துவிடுவாள். பேச மாட்டாள், அவ்வளவுதான். எதற்கும் "சரிங்க சார்", "சரிங்க மேடம்".

சூளகிரியில் லால் பாஷாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் தோட்டங்களில் கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாக வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவன். விடிவதற்கு முன்னால் எழுந்து தானே டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புவான். கல்யாணமான புதிதில் ஒருநாள் சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, ஓசூர் தாண்டும் வரைக்கும் வாந்தி எடுத்தான். அவனுக்கும் படிப்பு அவளளவுதான். எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்? அன்று மாலையே ஜீனத் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருந்ததைக் கொஞ்சம் எடுத்து வெளியே ஒட்டினாள். வாடகை வீட்டில் தொடங்கிய அந்தப் பழக்கம், கொத்தமல்லித் தோட்டத்தைப் பார்த்தாற்போல இரண்டு அறை வைத்து அவர்கள் சொந்தமாகக் கட்டிய நீல வண்ண வீட்டுக்கும் கூடவே வந்தது.

மகள் அதியா கொஞ்சம் வளர்ந்ததும் ஜீனத் வயரிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பைக்குக்கு வேண்டிய வயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. மூன்றாவது லைனில் அவளுக்கு முன்னால் நாற்பது பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவிதமான பிளாஸ்டிக் முனை. பெட்டி மேல் இங்கிலீஷில் நீளமாக எண்கள். ஒன்றுக்கு ஒன்று பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் லைன் நிற்கும், லீடர் கத்துவார். எல்லோருமே மாற்றிப் போட்டார்கள், தேடுகிற அவசரத்தில் முனைகள் மேஜை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். ஜீனத் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு முனையை எடுத்துப் பெட்டியின் முகத்தில் டேப் போட்டு ஒட்டினாள். ஒரு மாதத்தில் மூன்றாவது லைனில் தப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது.

அந்தக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு சின்ன வசதி கண்டுபிடித்தால் அதற்குக் கைசன் என்று பெயர். செய்வதற்கு முன்னால் ஒரு போட்டோ, செய்த பிறகு ஒரு போட்டோ, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் ஒட்டுவார்கள். ஆனால் வேலை நடக்கிற அவசரத்தில் 'பிஃபோர்' போட்டோவை யார் நினைத்து எடுக்கிறார்கள்? அதனால் எல்லாம் சரி செய்தபின், திரும்பவும் கலைத்துப்போட்டு 'பிஃபோர்' எடுப்பார்கள். பிறகு அடுக்கிவிட்டு 'ஆஃப்டர்' எடுப்பார்கள். ஜீனத்தின் பெட்டிகளுக்கும் அப்படித்தான் செய்தார்கள். லீடர் சொன்னதும் அவளே நாற்பது பெட்டியையும் மேஜையில் கொட்டினாள். பக்கத்து இடத்தில் வேலை செய்யும் சுகுணாவும் கூடச் சேர்ந்து கொட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். போர்டில் 'மூன்றாவது லைன்' என்று போட்டார்கள், ஜீனத் பெயரைப் போடவில்லை. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த வருஷம் ரம்ஜானுக்குச் சுகுணா ஜீனத் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சமையல்கட்டைப் பார்த்து, "அடிப்பாவி, நம்ம லைன இங்க கொண்டாந்து வெச்சிக்கிற!" என்று போட்டோ எடுத்து, லைன் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அது கைமாறிக் கைமாறி பெர்சனல் ஆபீசர் குருமூர்த்தியின் போனுக்குப் போனது. ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டது. 'கம்பெனியில் கற்றது, வீட்டிலும் வாழ்வது' என்று கம்பெனி கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துப் பெரிய போர்டு வைப்பார்களாம். போட்டோ ஜீனத் வீட்டிலேயே எடுப்பார்களாம். மாடல் ஜீனத்தேதானாம்.

கேன்டீனில் பரிமாறுகிற சின்னராஜ் அன்று முழுக்க விடவில்லை. "மாடல் மேடம், ரசம் ஊத்தட்டுங்களா? டயட்டுல இருக்கீங்களா?"

"ஊத்துடா, வாயப் பாரு" என்று சுகுணாதான் பதில் சொன்னாள். ஜீனத் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை குருமூர்த்தி வந்தார். கூடவே பெங்களூர் விளம்பரக் கம்பெனியிலிருந்து அருணா என்ற பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நோட்டும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அன்று படம் எடுக்கவில்லை, எப்படி எடுப்பது என்று திட்டம் போடத்தான் வந்திருந்தார்கள்.

"லைட் இந்த ஜன்னல்ல இருந்து ச்சென்னாகி, நல்லா வருது சார்" என்றாள் கன்னடமும் தமிழும் கலந்து. "கேமரா இங்க. ஃப்ரிட்ஜ் அந்தப் பக்கம் தள்ளிடலாம். அக்கா, நீங்க இப்பிடி நில்லுங்க. கரண்டி எடுக்கற மாதிரி. சூப்பர்."

ஜீனத் நின்றாள். லால் பாஷா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். வாங்கிய அன்றோடு எடுத்து வைத்திருந்த பீங்கான் கோப்பைகள்.

"ஆஃப்டர் போட்டோல நீங்க நம்ம கம்பெனி கோட் போட்டுக்கணும் அக்கா."

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த அதியா எட்டிப் பார்த்தாள். "யூனிஃபார்ம் போட்டுக்கினு யாரு மேடம் சோறாக்குவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அருணாவும் சிரித்தாள். ஆனால் நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை. ஜீனத் அதைப் பார்த்தாள்.

"ஓகே. இப்ப பிஃபோர்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"என்னா பிஃபோருங்க?" என்றாள் ஜீனத். வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அருணா வாசித்தாள். பாத்திரங்கள் எல்லாம் தரையில். இந்தச் சுவரில் டீத்தண்ணி அடித்துக் கறை. அடுப்பு மேலே கரி. மூலையில் அழுக்குத் துணி மூட்டை. அக்கா பழைய நைட்டியில், தலை கலைந்து, நடுவில் உட்கார்ந்து எதையோ தேடுகிற மாதிரி. பாப்பா பின்னால் அழுகிற மாதிரி. "கவலப்படாதீங்க அக்கா, எல்லாம் நாங்களே கொண்டு வருவோம். கரிப்பாத்திரம் கூட வாடகைக்குக் கிடைக்குது. முடிஞ்சதும் நாங்களே கழுவிக் குடுத்துடுவோம்."

ஜீனத்துக்கு முகம் சுட்டது. "எங்க வூடு எப்பவும் அப்பிடி இருந்ததில்லீங்க."

"இருந்ததுன்னு யாரும்மா சொன்னாங்க?" குருமூர்த்தி பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே சொன்னார். "லைன்ல பண்றதுதானே. பிஃபோர் இல்லன்னா கலைச்சிட்டு எடுக்கறதில்லையா? நீயே கொட்டுனியே, நாப்பது பெட்டி."

கொட்டியது உண்மைதான். ஆனால் அது பெட்டி, இது வீடு என்று சொல்ல வேண்டும். லைன் உண்மையிலேயே அப்படித்தான் கிடந்தது, என் வீடு கிடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். "அப்ப அடுத்த ஞாயிறு, காலைல எட்டு மணி. தேங்க்ஸ் அக்கா" என்றாள் அருணா. அவள் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளைச் சுற்றியிருக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

"போட்டோதானே ஜீனத்து, விடு" என்றான் லால் பாஷா. "சாயங்காலம் கழுவுனா போச்சி."

"எங்க வைப்பாங்கத்தா அந்த போர்டு?" என்று கேட்டாள் அதியா.

"கேட்டாண்ட, ரோட்டப் பாத்து" என்றான் அவன்.

"எங்க ஸ்கூல் பஸ்சு அந்த வழியாத்தான் போவுது." அதியா புத்தகத்தை மூடினாள். "தினமும் ரெண்டு வாட்டி எங்க கிளாஸ் மொத்தமும் பாக்கும். அம்மா கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க குப்பைல கெடந்தோம்னு."

லால் பாஷா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ஜீனத்துக்கு அந்த வாரம் முழுக்க நினைக்க நினைக்க ஆறவில்லை. உப்பு டீ குடித்து வாந்தி எடுத்தவன் வீட்டில் பிறந்தது அந்த யோசனை. அதை இங்கிருந்து கொண்டுபோய் அவர்கள் லைனில் ஒட்டினாள். தப்பு குறைந்தது. அதற்காகப் பரிசுக் கேடயம் வாங்கினார்கள், ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். இப்போது அதே யோசனையைத் தாங்கள் சொல்லிக் கொடுத்ததாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதுவும் சும்மா வரவில்லை, கூடவே ஒரு மூட்டை அழுக்கோடு வருகிறார்கள்! சம்பளத்துக்கு அவள் கையைக் கொடுத்தாள். வீட்டின் மானத்தையும் சேர்த்தா கொடுத்தாள்?

புதன்கிழமை டீ நேரத்தில் குருமூர்த்தியின் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"சார், அந்த பிஃபோர் மட்டும் வாணாங்க சார்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிஃபோர் இல்லாம ஆஃப்டர் எப்பிடிம்மா நிக்கும்? பாக்கறவனுக்கு என்னா தெரியும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பர்மனன்ட் லிஸ்ட்டு தயாராவுது. ஆறு வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்க. நல்ல நேரத்துல நல்ல பேரு எடுத்துக்க."

"சரிங்க சார்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. படியிறங்கும்போது அந்த வாயை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

லைனுக்குத் திரும்பும் வழியில் கைசன் போர்டு. ஆறு வருஷமாக அதைக் கடந்துதான் போகிறாள், நின்று பார்த்ததில்லை. அன்று நின்றாள். மூன்றாவது லைனின் பழைய படம் இன்னும் அங்கேயே இருந்தது. இடப்பக்கம் மேஜை முழுக்க முனைகள் கொட்டிக் கிடக்கின்றன. வலப்பக்கம் ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஒரு முனை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. அருணா, குருமூர்த்தி, கேமராவோடு ஒருவர், சாமான் இறக்க இரண்டு பேர். லால் பாஷா அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வந்தவர்கள் நேராக ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து அவிழ்த்தார்கள். அடிப்பிடித்த, கரியேறிய ஒரு அலுமினியக் குண்டானை எடுத்து, ஜீனத் காலையில் எழுந்து துடைத்த தரையில் வைத்தார்கள். தரையில் வட்டமாகக் கரி ஒட்டியது.

ஜீனத் அதைப் பார்த்தாள். குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் குண்டானைத் தூக்கினாள். வாசல் தாண்டி, தெரு தாண்டி, வேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். கை இரண்டும் கறுப்பு. திரும்பி வந்து கதவை அடைத்தாற்போல் நின்றாள்.

"பிஃபோர் போட்டோ ஒங்ககிட்டயே இருக்குது சார்."

குருமூர்த்திக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"மூணாவது லைன் போர்டுல இருக்குது. மேஜ பூரா கொட்டிக் கெடக்குதே, அது. லைன் நெஜமாவே அப்பிடித்தான் கெடந்துச்சி. அத இந்தப் பக்கம் போடுங்க. என் சமையக்கட்ட அந்தப் பக்கம் போடுங்க." கரியான கையால் உள்ளே காட்டினாள். "இங்கருந்துதான் சார் அங்க வந்திச்சி. அங்கருந்து இங்க வரல."

தெருவில் யாரோ 'க்கும்' என்று தொண்டையைக் கனைத்தார்கள்.

"ஜீனத், ஆள் எல்லாம் வந்துட்டாங்க. எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க" என்றார் குருமூர்த்தி. "லிஸ்ட்ட நெனச்சிப் பாரு."

"நெனச்சிப் பாத்துட்டேன் சார். கான்ட்ராக்ட்லயே இருந்துக்கறேன். என் வூட்ட அசிங்கமா காட்டித்தான் பர்மனன்ட் ஆவணும்னா வாணாம் சார்."

"அக்கா, வெறும் ஆக்டிங்தானே..." என்றாள் அருணா.

"அப்ப ஒங்க வூட்ல எடுங்க மேடம்."

அருணா நோட்டை மூடினாள். கோணிப்பையைக் கட்டினார்கள். பீங்கான் கோப்பைகளில் ஊற்றி வைத்த டீ அப்படியே ஆறியது. லால் பாஷா துணியை நனைத்துக்கொண்டுவந்து தரையிலிருந்த கரி வட்டத்தைத் தேய்த்தான். "பலே ஆளு நீ" என்று மட்டும் சொன்னான்.

இதோடு முடிந்திருந்தால் ஜீனத்துக்கு நிம்மதி. முடியவில்லை. பதினைந்து நாள் கழித்து கம்பெனி கேட்டுக்கு வெளியே போர்டு ஏறியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இடப்பக்கப் படத்தில் கரிப்பாத்திரங்களுக்கு நடுவில், தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தது சுகுணா. பின்னால் கறை படிந்த சுவர். முன்னால் அதே அலுமினியக் குண்டான். வலப்பக்கத்தில் சுகுணா கம்பெனி கோட்டில் சிரிக்கிறாள். பின்னால் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் நாலு பருப்பு ஒட்டி.

இடைவேளையில் சுகுணா கழிவறைப் பக்கம் இழுத்துப்போய் அழுதாள். "லீவு நாள்ல திடீர்னு வந்துட்டாங்க ஜீனத்து. எனக்கு ஒன்ன மாதிரி வாய் வரல. டீத்தண்ணிய செவுத்துல அடிச்சாங்க, வெளிச்சம் போச்சின்னு கழுவாமயே போயிட்டாங்க. ரெண்டு வாட்டி வெள்ளையடிச்சும் கறை மேல வருது. வூட்டுக்காரம்மா காலி பண்ணுன்றாங்க."

"அந்த டப்பா?"

"எல்லாம் காலி டப்பா. வெளில மட்டும் ஒட்டிக்கினு வந்தாங்க. போட்டோ எடுத்ததும் திருப்பி எடுத்துக்கினு போயிட்டாங்க. எனக்கு ஒன்னுகூட வெக்கல."

ஜீனத் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள், ஆனால் அந்த அழுக்கு மூட்டை சுகுணா வீட்டில் போய் இறங்கிவிட்டது. அவளுடைய பருப்பு, அவளுடைய பசை, காலி டப்பாவில். எல்லாம் பொய். கோபத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கைசன் போர்டுக்குப் பக்கத்தில் யோசனைச் சீட்டு வைத்திருப்பார்கள். எந்த இடம், முன் எப்படி, பின் எப்படி, யார் பெயர் என்று நாலு கட்டம், போட்டோ ஒட்ட இரண்டு சதுரம். யார் எழுதினாலும் அந்தச் சீட்டைப் போர்டில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இது கம்பெனி தானே எழுதி மாட்டிவைத்திருக்கிற சட்டம். ஜீனத் ஒரு சீட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"குடும்மா, நான் எழுதறேன்" என்றாள் அதியா.

"வாணாம். என் கையாலயே எழுதறேன்."

எழுத்து நடந்தது, மெதுவாக. ஒரு மணி நேரம் ஆயிற்று.

இடம்: கேட்டு போர்டு. முன்: சுகுணா வீடு அப்படி இருந்ததில்லை. டப்பா யோசனை என் வீட்டிலிருந்து லைனுக்கு வந்தது. பின்: போர்டைக் கழற்ற வேண்டும். சுகுணா வீட்டுச் சுவரைச் சரி செய்து தர வேண்டும். பெயர்: ஜீனத், மூன்றாவது லைன்.

மறுநாள் சுகுணாவும் கீழே கையெழுத்துப் போட்டாள். லீடர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சட்டம் சட்டம்தானே என்று முனகிக்கொண்டே போர்டில் ஒட்டினார். மதியத்துக்குள் எல்லா லைன் ஆட்களும் வந்து வந்து படித்தார்கள். சின்னராஜ் அன்று மாடல் மேடம் என்று கூப்பிடவில்லை. "அக்கா, ரசம்" என்றான், இன்னொரு கரண்டி சேர்த்து ஊற்றினான்.

ஏழாவது நாள் குருமூர்த்தி லைனுக்கே வந்தார். கையில் அந்தச் சீட்டு.

"செவுத்துக்கு ஆள் அனுப்பிட்டோம்மா" என்றார். "போர்டு பெரிய எடத்து விஷயம். இதக் கிழிச்சிடறேன், வேற எதனா நல்ல யோசனையா எழுதிக் குடு."

ஜீனத் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். சீட்டை அவரிடமிருந்து வாங்கினாள். போர்டுக்குப் போய், இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டினாள். டேப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"பாதிதான் சார் முடிஞ்சிருக்குது. ஆஃப்டர் போட்டோ எடம் இன்னும் காலியா இருக்குது. போர்ட கழட்டற அன்னிக்கி எடுத்து நானே ஒட்டிக்கறேன்."